மறவன் பெயரும் மனையின் பெயரும்

நேதாஜி சுபாஷ் சந்திர போசின் தந்தையார் யார் என்று கேட்டால், கட்டுரைப் போட்டிக்கு ஆயத்தமாகும் தமிழ் மாணவன் தயங்காமல் விடை பகர்வான். கட்டாக் நகரில் வழக்கறிஞராக விளங்கிய ஜானகிநாத் போஸ் தந்தையார், பிரபாவதி அன்னையார், பதினான்கு மக்களுள் சுபாஷ் ஒன்பதாமவர். கேப்டன் லட்சுமியின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் விடை கிடைக்கும். தந்தையார் சுவாமிநாதன் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அன்னையார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக வீற்றிருந்தவர். அதே மாணவனிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். மலாயாவின் இரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, 1944-ஆம் ஆண்டு பர்மா எல்லையில் மாண்டுபோன தமிழ் வீரன் ஒருவனின், ஒரே ஒருவனின், தாய் பெயர் என்ன? விடை வராது. மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுக்குக் கற்பித்த ஆசிரியருக்கும் அது தெரியாது. ஆண்டுதோறும் மேடையேறி முழங்கும் பேச்சாளருக்கும் தெரியாது. அம்முழக்கத்தை ஏட்டில் ஏற்றும் எழுத்தாளருக்கும் தெரியாது.

தலைவரின் குடும்பம் வரலாறாகவும் தொண்டனின் குடும்பம் வெற்றிடமாகவும் நிற்கும் இந்நிலை தானே நேர்ந்ததன்று. எழுதத் தெரிந்தவர் எழுதினர், எழுதப்பட்டவர் நிலைத்தனர். பால்மரம் வெட்டிய கையில் எழுதுகோல் இல்லை. எழுதுகோல் பிடித்த கை அந்த லயத்தின் வாசலுக்குப் போகவில்லை. போரில் மறைந்த வீரனுக்குச் செய்யும் வணக்கம், அவன் பிறந்த குடியையும் அவன் விட்டுச் சென்ற மனையையும் சொல்லாதவரையில் பாதி வணக்கமே ஆகும். மற்றொரு பாதி மறதி. அந்த மறதிக்கு மாலை சூட்டும் வழக்கத்தை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகம் கைவிட வேண்டும்.

நடுகல் கற்பிக்கும் பாடம்

வீரனைக் குடியோடு சேர்த்து நினைவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நாட்டும் மரபை ஆறு துறைகளாக வகுத்துரைக்கிறது. உரிய கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நாட்டி, வாழ்த்துவதில் முடியும் முறை அது. இலக்கணம் வகுத்த அளவோடு தமிழர் நின்றுவிடவில்லை. செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1972-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறையால் நூலாக வெளியிடப்பட்ட நடுகற்கள் அதற்குச் சான்று. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எவ்வூரின் ஆநிரையைக் கவரவோ மீட்கவோ நடந்த பூசலில் அவன் பட்டான், அவன் பெயர் யாது என்பனவற்றை அக்கற்கள் சுருங்கச் சொல்கின்றன. பெருங்காப்பியத்தில் இடம்பெறாத, பேரரசர்க்கு முகம் தெரியாத ஊர்க்காவலர் அவர்கள். எனினும் அவர்கள் வெறும் 'வீரர்கள்' என்னும் பன்மைக்குள் புதைக்கப்படவில்லை. ஒவ்வொருவனும் ஒரு கல்; ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர்.

இன்னொரு செய்தி அதனினும் கருதத்தக்கது. ஊருக்காக உயிர்விட்டவனின் குடும்பத்தார்க்கு நிலம் வழங்கும் வழக்கம் இருந்தது. அந்நிலத்தை 'உதிரப்பட்டி' என்றும் 'நெய்த்தோர்பட்டி' என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. உதிரமும் நெய்த்தோரும் குருதியைக் குறிக்கும் சொற்கள். சிந்திய குருதிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மாண்டவன் உண்ணமாட்டான், அவன் மனைவி உண்ண வேண்டும், மக்கள் உண்ண வேண்டும் என்பதை ஊர் உணர்ந்திருந்தது. கல் அவன் புகழுக்கு. பட்டி அவன் மனைக்கு. இரண்டும் சேர்ந்ததே தமிழர் கண்ட வீரவணக்கம். இந்த மரபின் முதற்பகுதியை மட்டும் பெருமையாகப் பேசி, மறுபகுதியை மறந்துவிட்டு, 'நடுகல் கண்ட இனம்' என்று மார்தட்டுவதில் என்ன சிறப்பு இருக்கிறது?

எண்ணாக்கப்பட்ட மாந்தர்

பெயர் மறுக்கப்படுவது எத்தகைய கொடுமை என்பதை அறிய ஈராக் நாட்டின் பாஸ்ரா நினைவகத்தைக் கருதலாம். முதல் உலகப் போரில் மெசபடோமியக் களத்தில் மாண்டு, கல்லறையும் இல்லாது போனவர்களுக்காக எழுப்பப்பட்டு, 1929-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஆனால், அதிகாரிகள் அல்லாத இந்தியச் சிப்பாய்களுக்கோ பெயரில்லை. படைப்பிரிவின் பெயரும், அதில் மாண்டோரின் தொகையுமே அவர்களுக்குக் கிட்டின. இத்தனை பேர் என்பது மட்டும் தெரியும். யார் யார் என்பது கல்லில் இல்லை.

இந்த வேற்றுமையைப் பின்னாளில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஒப்புக்கொண்டது. 2021-ஆம் ஆண்டு அது வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை; அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அறிக்கையை அடுத்து ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

இரண்டாம் உலகப் போரில் நிலை ஓரளவு மாறியது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் 1957-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் திறக்கப்பட்ட நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். ஆணையத்தின் பேரேட்டைப் புரட்டினால் பலருடைய பெயருக்கு அருகே, இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இன்ன ஊரினன், இன்ன மாவட்டத்தினன் என்ற குறிப்பும் கிடைக்கிறது. எல்லாக் குறிப்புகளும் முழுமையானவை அல்ல. ஆயினும் அந்த ஒரு வரி போதும், ஒரு சிப்பாய் மீண்டும் மனிதனாவதற்கு. அவனுக்கு ஒரு தாய் இருந்தாள், அவன் வரவை நோக்கி ஒருத்தி வாசலில் நின்றாள் என்பதைப் படிப்பவன் உணர்கிறான்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களோ பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர் அல்லர். அதை எதிர்த்து நின்றவர். ஆகவே அந்தப் பேரேட்டில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கென எழுந்த சின்னமும் நிலைக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், சிங்கப்பூர் எஸ்பிளனேட் திடலில், இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரனுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அச்சின்னத்தைத் தகர்த்தது. அது நின்ற இடத்தை உணர்த்தும் குறிப்புக்கல் 1995-ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்டது.

'பெயரறியா வீரன்' என்னும் தொடரைச் சற்று ஆராய வேண்டும். 1920-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெயரறியா வீரன் ஒருவன் அடக்கம் செய்யப்பட்டான். அங்கே அறியப்படாதது உடல் யாருடையது என்பது மட்டுமே. அவன் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் இருந்திருக்கும். அவன் வீட்டுக்கு அரசின் கடிதம் போயிருக்கும். தோட்டத்துத் தமிழ் வீரனின் நிலை வேறு. உடல் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை, குடும்பமும் தெரியவில்லை. பிறர்க்கு உருவகமாக இருந்த சொல் அவனுக்கு உண்மையாகிவிட்டது. இத்தகைய நிலையில் 'பல்லாயிரம் தமிழர் உயிர்நீத்தனர்' என்று மேடையில் கூறிவிட்டு அமர்வது யாது? பாஸ்ராவின் கல்தச்சன் செய்ததை நாவினால் செய்வதே ஆகும். அந்நியன் எண்ணாக்கினால் இழிவு; உறவினன் எண்ணாக்கினால் எழுச்சியுரையோ?

அவன் ஏன் போனான்?

குடும்பப் பின்னணி என்பது உணர்ச்சிக்காகச் சேர்க்கப்படும் துணைச்செய்தி என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று. ஒருவன் ஏன் போருக்குச் சென்றான் என்பதை அவன் ஏந்திய கொடி முழுவதும் கூறாது. அவன் விட்டுச் சென்ற வீட்டையும் பார்த்தால்தான் விடை நிறைவுறும்.

சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணியின் வழியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளே தோட்டங்களிலிருந்து சென்ற வீரர்கள். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதன்பின் தமிழகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓயாதிருந்த போக்குவரவு மெலிந்தது. மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை ஒன்று தன் நிலைமையைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தங்கள் அதன் வெளிப்பாடு. கூலி உயர்வு கேட்ட அத்தொழிலாளர், வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டனர். படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிகள் முழங்கின; தொழிலாளர் மாண்டனர். அந்த நினைவு ஆறுமுன் 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

துரைமார் ஓடினர், இரப்பருக்குச் சந்தை இல்லை, பால் வெட்டுக்குக் கூலி இல்லை. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று, கோணிப்பை உடையாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரிகள் தோட்டங்களுக்குள் நுழைந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுறும் முன் எத்தனையோ குடும்பங்களின் தலைவர்களை அது விழுங்கிவிட்டது. அதே 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அமைந்தது. ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. கூலி என்று விளிக்கப்பட்டவன் வீரன் என்று விளிக்கப்பட்டான். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவனின் தோளில் துப்பாக்கி ஏறியது. தோட்டத்துப் பெண்ணும் சீருடை அணிந்து அணிவகுத்தாள்.

இவ்வனைத்தும் ஒரே லயத்தின் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தவை. தந்தை சயாமுக்கும், மகன் படைக்கும், தாய் கிழங்குக் கொல்லைக்கும் பிரிந்த வீடுகள் இருந்தன. நாட்டுப்பற்றால் போனவன் உண்டு. அவமானம் பொறாது போனவன் உண்டு. இரயில்பாதைக்குப் பிடிபடாமல் தப்பப் போனவனும் உண்டு. வயிற்றுக்காகப் போனவனும் உண்டு. இந்நான்கும் ஒருவனுக்குள்ளேயே கலந்திருக்கவும் கூடும். எந்த வீட்டில் எது மேலோங்கியது என்பதை அந்த வீட்டை அறியாமல் எவ்வாறு அறிவது? 'தாய்நாட்டு விடுதலைக்காகத் துள்ளி எழுந்தான்' என்னும் ஒரே வாய்பாட்டில் எல்லாரையும் அடைப்பது வரலாறாகாது. தாய்நாட்டைக் கண்ணால் கண்டிராத இளைஞர் பலர் அப்படையில் இருந்தனர் என்னும் வியப்பைக்கூட அவ்வாய்பாடு மறைத்துவிடுகிறது.

'வீரத்தாய்' என்னும் திரை

தோட்டத்து வீரனின் தாயைப் பற்றி எழுத நேர்கையில் எழுத்தாளர் உடனே புறநானூற்றுக்கு ஓடுவர். புறமுதுகிட்டான் மகன் என்று கேட்டுச் சினந்து, களம் புகுந்து உடலைத் துழாவி, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு மகிழ்ந்த முதியவள் ஒருத்தி. ஒரே மகனையும் வேல் கொடுத்துச் செருக்களம் விடுத்தவள் ஒருத்தி. காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் பாடிய அப்பாடல்கள் தமிழின் உயர்ந்த செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றை எடுத்தாளும் முறையில்தான் குறை இருக்கிறது. 'அன்றைய புறநானூற்றுத் தாய் போலவே இவளும் மகிழ்ந்து அனுப்பினாள்' என்று ஒரு தொடர் எழுதியவுடன் கட்டுரை முடிந்துவிடுகிறது. அத்தாய் என்ன உண்டாள், எப்படி வாழ்ந்தாள், யாரிடம் அழுதாள் என்று கேட்பார் இல்லை. போற்றுதல் என்னும் பெயரால் அவள் வாய் அடைக்கப்படுகிறது.

மாசாத்தியாரின் பாடலையே ஊன்றிப் படித்தால் வேறு உண்மை புலப்படும். முன்னொரு நாள் நடந்த போரில் அப்பெண்ணின் தந்தை மாண்டான். தமையன் என்று பொருள் கொள்வாரும் உளர். அடுத்து நடந்த ஆநிரைப் பூசலில் கணவன் மாண்டான். எஞ்சியவன் ஒரே மகன். அவனும் தலைவாரி எண்ணெய் பூசிவிடப்படும் அளவுக்கு இளையவன். புலவர் வீரத்தை மட்டுமா பாடினார்? ஒரு குடும்பத்தின் பதிவேட்டையே படைத்தளித்தார். யார் யார், எந்த முறையினர், எந்தப் போரில், எதனால் என்று ஒவ்வோர் இழப்பையும் வரிசைப்படுத்தினார். ஒரு வீடு மூன்று தலைமுறையில் எவ்வாறு வெறுமையாயிற்று என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவள் துணிவு பெரிது என்று புலவர் வியப்பதற்குக் காரணமே இந்தக் கணக்குத்தான். கணக்கை நீக்கிவிட்டுத் துணிவை மட்டும் ஒப்பிப்பது பாடலின் உயிரை எடுத்துவிட்டு உடலை ஏந்தி ஊர்வலம் போவதாகும்.

அதே புறநானூறு மற்றொரு பெண்ணையும் காட்டுகிறது. இளமையில் தழையாடையாகி அழகு செய்த வெள்ளாம்பல், கணவன் இறந்தபின் அவள் உண்ணும் புல்லரிசியாயிற்றே என்று ஒக்கூர் மாசாத்தனார் பாடலில் கைம்பெண் ஒருத்தி இரங்குகிறாள். தோட்டத்து விதவையை நினைவுகூர ஏற்ற பாடல் இது. போர்க்காலத்தில் அவள் மரவள்ளிக்கிழங்கு தோண்டினாள். அமைதி திரும்பியபின் கணவன் வெட்டிய மரத்தைத் தானே வெட்டினாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாள். அவளுக்குப் பதக்கமும் வரவில்லை; உதிரப்பட்டியும் வரவில்லை. அவன் இறந்தான் என்ற ஓலைகூட வராத வீடுகள் உண்டு. தாலியைக் கழற்றுவதா, வேண்டாவா? பிதிர்க்கடன் எந்தத் திதியில்? மகளின் மணப் பத்திரிகையில் தந்தை பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று அச்சிடுவதா? இவையே அக்குடும்பங்களின் போர்க்களங்கள். இவற்றை எழுதாத வீர இலக்கியம் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பாதி ஊமையே.

மூன்று மறுப்புகள்

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று. முதலாவது, வறுமையையும் அச்சத்தையும் பேசினால் வீரனின் தியாகம் சிறுத்துவிடும் என்பது. உண்மை இதற்கு நேர்மாறானது. இம்பால் போருக்குப் பின் மழையிலும் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் பசியிலும் பின்வாங்கிய அப்படையின் துயரை வரலாறு அறியும். வீட்டில் உண்ண வழியற்ற தாயை விட்டுவிட்டு அத்துயரைத் தாங்கியவன், கவலையற்ற வீட்டிலிருந்து வந்தவனைவிட எவ்வகையில் தாழ்ந்தவன்? சுமையைச் சொன்னால்தான் சுமந்தவனின் வலிமை விளங்கும்.

இரண்டாவது, சான்றுகள் இல்லை என்பது. இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. 1950-களின் இறுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969-ஐ ஒட்டி வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்ற தமிழர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் இடிந்தன, அவற்றோடு ஊர்நினைவும் சிதறியது. ஆயினும் இல்லை என்பதற்கும் தேடவில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் 1979-ஆம் ஆண்டு அரசு வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, ஜப்பானியர் காலத்தை வாழ்ந்து கண்டோரின் குரல்களைப் பதிவு செய்தது. ஓர் அலுவலகம் செய்தது அது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழ்ப் பள்ளியும் எழுத்தாளர் கழகமும் தத்தம் வட்டாரத்தில் அப்பணியைச் செய்திருந்தால், பட்டியல் இந்நேரம் எத்துணை நீண்டிருக்கும்! மேடைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் கிடைத்த பொழுது, முதியவர் ஒருவரின் திண்ணையில் அமர்வதற்குக் கிடைக்கவில்லையா?

மூன்றாவது மறுப்பு வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை, மனத்துக்குள் இருப்பது. இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு கைகோத்த படை. அதே ஜப்பானியர்தாம் 1942-இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனர்களைக் கொன்று குவித்தனர், தமிழரைச் சயாமுக்கு இழுத்துச் சென்றனர். எனவே இதை மிகுதியாகக் கிளறாதிருப்பதே நலம் என்னும் எண்ணம். அந்தக் கூச்சத்தை நீக்கும் வழியும் குடும்ப வரலாறே ஆகும். தலைவர்களின் உடன்பாடுகளை வைத்து மட்டும் பார்த்தால் அது நட்பா துரோகமா என்னும் வழக்காடல் முடிவுறாது. ஒரு மகன் ஜப்பானியரோடு சேர்ந்து போரிடுகையில் அவன் தந்தையை ஜப்பானியரே இரயில்பாதையில் மடியச் செய்த வீட்டை எடுத்துக் காட்டினால், அம்முரண்பாட்டின் முழு வலியும் விளங்கும். அண்டையிலிருந்த சீனக் குடும்பத்தின் துயரையும் அவ்வீட்டின் துயரையும் ஒருசேர மதிக்கும் பக்குவம் அப்போதே மாணவனுக்கு வாய்க்கும். மறைப்பதால் நல்லிணக்கம் வளராது. முழுமையாகச் சொல்வதால் வளரும்.

வகுப்பறையின் கடமை

கடமை யாருடையது என்றால், முதற்கண் தமிழாசிரியருடையது. 'நாட்டுக்கு உழைத்த நல்லவர்' என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் ஒரே தலைவரைப் பற்றி ஒரே மாதிரிக் கட்டுரையை எழுதுவிக்கும் வழக்கத்துக்கு ஓராண்டேனும் ஓய்வு கொடுக்கலாம். அதற்குப் பதிலாக மாணவனை அவன் பாட்டன் பாட்டியிடமோ, அண்டை வீட்டு முதியவரிடமோ அனுப்பலாம். கேட்கத்தக்க கேள்விகள் மிகுதியல்ல. போனவன் பெயரும் அவன் பெற்றோர் பெயரும் யாவை? எந்தத் தோட்டம், தமிழகத்தில் எந்த ஊர்? வீட்டில் எத்தனை பேர். யார் உழைப்பில் உலை கொதித்தது? அவன் எப்போது, எப்படிச் சேர்ந்தான். கடைசிச் செய்தி யார் வாயிலாக வந்தது? அவன் வராத பின் மனைவிக்கும் மக்களுக்கும் என்ன நேர்ந்தது? இவ்வைந்துக்கும் கிடைக்கும் விடைகள், கிடைக்காத விடைகளும்கூட, ஒரு குடும்பத்தின் வரலாறாகும்.

நினைவுக்கு எழுத்தும் துணை நிற்கும். தமிழ்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கக்கூடும். தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள், கோயில் உபயப் பட்டியல்கள், பெட்டியடியில் கிடக்கும் கடிதங்கள், மங்கிப்போன நிழற்படங்கள் ஆகியவை வீட்டுக்கு வீடு தேடத்தக்கவை. தேடும்போது இரண்டு நெறிகளைப் போற்ற வேண்டும். குடும்பத்தார் சொல்ல விரும்பாததை வற்புறுத்திப் பிடுங்கலாகாது. அவர்கள் சொல்லாததைக் கற்பனையால் நிரப்பவும் கூடாது. மகன் அழுதுகொண்டே போனான் என்று தாய் கூறியிருந்தால், சிரித்துக்கொண்டே போனான் என்று திருத்தும் உரிமை எந்த எழுத்தாளருக்கும் இல்லை.

எழுத்தாளர்க்கும் இதில் பங்கு உண்டு. கதையும் கவிதையும் நாடகமும் தோட்டத்தைப் பாடி வந்துள்ளன, அது மகிழத்தக்கது. ஆனால், பெயரையும் ஊரையும் ஆண்டையும் காக்கும் உரைநடைப் பதிவு வேறு கலை. அதற்குப் பொறுமை வேண்டும், கைதட்டல் கிட்டாது. அந்தக் கைதட்டலற்ற பணிக்கு முன்வருவோர் குறைவு என்பதே பெயர்கள் அழிந்ததற்கு முதற்காரணம். நினைவு மலரும் ஆண்டு மலரும் வெளியிடும் சங்கங்கள், தலைவர்களின் வாழ்த்துரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் நான்கை இத்தகைய குடும்பப் பதிவுகளுக்கு ஒதுக்கினாலே பத்தாண்டில் ஒரு நூல் உருவாகிவிடும்.

காலம் காத்திராது. 1943-ஆம் ஆண்டு அண்ணன் சீருடை அணிந்து போவதைப் பார்த்த பத்து வயதுத் தங்கைக்கு 2023-இல் தொண்ணூறு வயது நிரம்பியது. அத்தகையோருள் பெரும்பாலோர் தம் நினைவைத் தம்மோடு எடுத்துச் சென்றுவிட்டனர். எஞ்சிய சிலரும், அவர்கள் மடியிலிருந்து கேட்ட பிள்ளைகளுமே இறுதிச் சான்றுகள். பாஸ்ராவில் பெயர் மறுத்த பேரரசின் ஆணையமே நூறாண்டு கழித்துத் தன் குறையை ஏற்றுப் பெயர்களைத் தேடப் புறப்பட்டது. அதற்கு ஆவணங்கள் இருந்தன. ஆதலால் நூறாண்டு தாமதித்தும் தேட முடிந்தது. தோட்டத்து வீரனுக்கு ஆவணம் இல்லை. ஒரு கிழவியின் நினைவே ஆவணம். அங்கே தாமதம் என்பது அழிவின் மறுபெயர்.

ஆகவே, தமிழ் மாணவன் அடுத்த முறை வீரனைப் பற்றி எழுத எழுதுகோலை எடுக்கும்போது, 'வீரவணக்கம்' என்னும் சொல்லை இறுதி வரிக்கு ஒத்தி வைப்பானாக. முதல் வரியில் இன்னாரின் மகன் என்று எழுதுவானாக. அதை எழுத இயலாவிட்டால், எழுதுகோலை வைத்துவிட்டு, கேட்டறிந்து வருவானாக.